முட்டுக்கட்டை போடுகிறவர்



நாளை ஆரோக்கிய அன்னையின் பெருவிழா. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களால் தஞ்சாவூர்ச் சாலைகள் நிறைந்திருக்கின்றன. இன்றைய நற்செய்தியில் ஆண்டவரும் தம் பின்னால் வந்த பெருங்கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத்தான் பேசுகிறார். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார்.

2019 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவில் அப்படியொரு கோபுரம் நின்றது. நிலவுக்குச் செல்லும் சந்திரயான்-2ஐச் சுமந்த ராக்கெட். உயரம் 43 மீட்டருக்கு மேல்; புறப்படும்போது எடை 640 டன். அதை நின்ற நிலையிலேயே தண்டவாளத்தில் மெல்ல மெல்ல நகர்த்தி ஏவுதளத்துக்குக் கொண்டுவந்தார்கள். திருவாரூர் ஆழித்தேர் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கலாம். சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் தேர் இருக்கிறது.

ஜூலை 15, அதிகாலை 2.51க்கு ஏவ வேண்டும். குடியரசுத் தலைவரே வந்திருந்தார். நாடு விழித்திருந்தது. 56 நிமிடம் இருக்கையில் கோளாறு தெரிந்தது, நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேர் பார்த்திருக்க, 'இன்று வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி, அதே ராக்கெட் நல்லபடியாகப் புறப்பட்டது.

ஆனாலும் அதே ஆண்டு, இன்றைய தேதியான செப்டம்பர் 7 அன்று, நிலவை நெருங்கிய நேரத்தில், அங்கே இறங்க வேண்டிய லேண்டரின் தொடர்பு அறுந்தது. குமரி மாவட்டத்து விவசாயியின் மகனான அன்றைய இஸ்ரோ தலைவர் சிவன் கண்ணீர் விட்டதை நாடே பார்த்தது. பிறகு விஞ்ஞானிகள் மறுபடி கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள். எதெது தவறலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணி, லேண்டரின் கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குமிடத்தை அகலமாக்கினார்கள். விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது.

கட்டி முடிக்காதவனை ஊர் ஏளனம் செய்யும் என்று ஆண்டவர் எச்சரிக்கிறார். நம்மிடமோ, ஊர் சிரிக்குமே என்ற பயம்தான் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவிடாமல் செய்கிறது. பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று என்பதற்காகவே மனம் ஒப்பாத பெண்ணை மணமேடையில் ஏற்றுகிறோம். வயலை அடகு வைத்து வெளிநாட்டு ஏஜெண்டிடம் பணம் கட்டிவிட்டு, அப்புறம்தான் அவர் யார் என்று விசாரிக்கிறோம்.

மனிதக் கணக்குக்கு எல்லை உண்டு என்று இன்றைய முதல் வாசகம் சொல்கிறது. ஆகவே செபத்தோடு உட்காருங்கள். ஆண்டவர் கேட்பது பணக்கணக்கு மட்டுமல்ல. தம்மைப் பின்செல்ல எதையெல்லாம் விட்டுவிட நமக்கு மனமிருக்கிறது என்றும் கேட்கிறார்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் 'இது வேண்டாம்' என்று சொல்லத் தயங்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையைப் பேசவிட்டுக் கேளுங்கள்.