பெட்டியில் உறங்கும் பட்டு

ஆரணித் தறியில் நெசவாளி பல நாள் உழைத்து நெய்த சேலை, ஒரு நாள் மணவிழாக் கண்டபின் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் உறங்குகிறது. காப்பதாக எண்ணுகிறோம், காக்கிறோமா? மடிப்பு மாற்றாத பட்டு, மடித்த இடத்திலேயே இற்றுப்போகிறது, சரிகை கறுக்கிறது. உடுத்தாத உடைமை, உடைமையாமோ?

போகி வந்தால், மிஞ்சியதைத் தீயிலிடுகிறோம். பூட்டி வைப்பதும் பொசுக்கி விடுவதும் ஒன்றே. இரண்டிலும் இல்லாதவர் கைக்கு ஏதும் எட்டுவதில்லை.

2015-இல் ஈரானின் மஷ்ஹத் நகரில், மிகுதியுடையோர் ஆடையை மாட்டிச் செல்லவும் வேண்டுவோர் எடுத்துக்கொள்ளவும் ஒரு சுவரை ஒதுக்கினர். 2017-இல் திருநெல்வேலியிலும் 'அன்புச் சுவர்' எழுந்தது. கொடுத்தவர் யாரென்று அச்சுவர் கூறாது. ஆகவே பெறுவோர் தலைகுனிய வேண்டியதில்லை.

கந்தலைக் கழிப்பது துப்புரவு. கட்டத்தக்கதைக் கொடுப்பதே அறம். நெய்தவன் உழைப்பு வாழுமிடம் பெட்டியன்று, மனித மேனி. பெட்டியைத் திறப்போம்!