மின்னலுக்குக் கீழே

"மின்னலுக்குச் சாதி தெரியாதுண்ணே."

ஆவணியில் ஒரு ராத்திரி, குமணன்சாவடியில் ஒரு வாடகை வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு தம்பி ஒருவன் இதைச் சொன்னான். இயக்க வேலைகளுக்கு வருகிறவன், படமும் எடுப்பான். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கம் வானம் வெட்டி வெட்டி மின்னியது. முக்காலியில் கேமராவை நிறுத்தி அங்கே திருப்பியிருந்தான்.

மின்னலைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால் கிடைக்காது. இருட்டிலேயே ஷட்டரை இருபது, முப்பது விநாடி திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். அது தானே வந்து தன்னை எழுதிவிட்டுப் போகும். 1882இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் மின்னலைப் படம்பிடித்தார். ஓவியர்கள் மடக்கி மடக்கி வரைந்த மின்னல், உண்மையில் வேர்போலக் கிளைத்து ஓடுகிறது என்று தெரிந்தது. வழிவழியாக வந்த ஒரு பொய்யைக் கேமரா உடைத்தது. நம்மிடமும் பொய்கள் உண்டு. மின்னல் இந்திரனின் ஆயுதம். இடித்தால் அவன் மகன் அர்ச்சுனன் பேரைச் சொல். பாவம் செய்தவன் தலையில்தான் விழும்.

2025 அக்டோபர் 16இல் கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகே கழுதூரில், மக்காச்சோளக் காட்டில் வேலை செய்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கிச் செத்தார்கள். என்ன பாவம் செய்தார்கள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். வெட்டவெளியில் வேலை செய்கிறவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

மின்னி முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும் என்பது விதி. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். மாடியில் இருப்பவனுக்கு எண்ணத் தெரிந்தால் போதும். எங்க ஆயா நடவுக்குப் போனவள். "இடி இடிக்குதுன்னு கரையேறுனா அரைநாள் கூலி பூடும்டா" என்பாள். சேற்றில் நிற்கிறவள் எண்ணி என்ன பயன்? கரையேறச் சொல்லும் வாய் நிலக்காரனுடையது. மின்னலுக்குச் சாதி தெரியாது, சரி. அந்த நேரத்தில் வெட்டவெளியில் யார் நின்றாக வேண்டும் என்பதை மின்னலா முடிவு செய்கிறது? நிலமும் கூலியும் முடிவு செய்கின்றன. அவற்றுக்குச் சாதி நன்றாகத் தெரியும்.

அப்படியானால் மின்னலை அழகென்று படமெடுப்பது குற்றமா? அந்தத் தம்பியைக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. அண்ணாந்து பார்க்கிற ஓய்வே நமக்கு மறுக்கப்பட்டிருந்தது. கிடைத்ததும், துயரத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று நமக்கு நாமே கட்டளை போட வேண்டாம். அழகிலும் நமக்குப் பங்குண்டு. ஆனால் வானம் மட்டும் நிறைந்த படத்தில் மின்னல் எங்கும் விழுவதில்லை. விழுகிற இடத்தைச் சட்டகம் வெட்டி எறிந்துவிடுகிறது. யார் நிற்கும் மண்ணை வெட்டுகிறோம் என்று எடுக்கிறவன் அறிந்திருக்க வேண்டும். என் வழக்கு அவ்வளவுதான்.

"கொஞ்சம் கீழ இறக்குப்பா" என்றேன். இறக்கினான். அடுத்த வெட்டில் தகரக் கூரைகளும் மெட்ரோ தூண்களும் விழுந்தன. "தெருவெளக்கு வெளிச்சத்துல படம் கெட்டுப்போச்சுண்ணே" என்றான். மின்னலும் அதில் இருந்தது.

இடி கேட்டது. எண்ணினோம், இருபதுதான். கேமராவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம். தெருவில் ஒருத்தி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வேலையிலிருந்து நடந்து போய்க்கொண்டிருந்தாள்.