பழைய காரின் நியாய விலை

மலிவாக ஒரு பொருள் கிடைத்தால் மகிழாதவர் இல்லை. சந்தையிலிருந்து வீடு திரும்பும் தாய், பையிலுள்ள மீனை எடுத்துக் காட்டுமுன் அதன் விலையைத்தான் சொல்லுகிறாள். அதில் தவறொன்றுமில்லை. வரவறிந்து செலவு செய்வது குடும்பத்துக்கு அழகு. ஆனால், மலிவாகக் கிடைத்த பொருள் உண்மையில் மலிவானதுதானா, அல்லது நாம் கொடுக்காத மிகுதியை வேறொருவர் முன்னரே கொடுத்துவிட்டாரா என்று நாம் கேட்பது அரிது. அந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது ஒரு பழைய கார்.

2018ஆம் ஆண்டு, அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் நகரில் வாழும் என் சகோதரியின் குடும்பத்தாரைப் பார்க்கச் சென்றிருந்தேன். அவளுடைய மூத்த மகன் அப்போது கார் ஒன்று தேடிக்கொண்டிருந்தான். முதியோர் இல்லம் ஒன்றில் அவனுக்கு இரவு வேலை. மனைவி, இரு பிள்ளைகள், தாய் எல்லோருமாக ஐந்து பேர் நெருக்கமின்றி இருக்கவேண்டும். கையிற் பணமோ குறைவு.

"புதுக் காருக்குக் கடன் எடுத்தால் அஞ்சாறு வருஷம் கட்டவேணும் மாமா. கவனமாப் பாவிச்ச பழைய சிக்ஸ் சிலிண்டர் ஒண்டு கிடைச்சால் எங்களுக்குக் காணும்" என்றான்.

அவன் சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ள அந்நாட்டின் கார்களைப் பற்றிச் சிறிது அறியவேண்டும். 1948ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி, அப்போதைய பிரதமர் பென் சிவ்லி, அவுஸ்திரேலியாவிலேயே தயாரிக்கப்பட்ட ஹோல்டன் காரை மக்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். அது ஆறு சிலிண்டர் கொண்ட குடும்பக் கார். 1960இல் ஃபோர்ட் நிறுவனத்தின் ஃபால்கன் அதற்குப் போட்டியாக வந்தது. பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், சாதாரண அவுஸ்திரேலியக் குடும்பம் ஒன்றின் கார் என்றால் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றுதான். பிள்ளைகள் பின் ஆசனத்தில், பெட்டிகள் பின்னால், சில வேளைகளில் இழுவை வண்டியும் ஒன்று. இவ்வாறு நெடுந்தூரம் போவது அந்நாட்டு வழக்கம். மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு மட்டுமே ஏறத்தாழ 880 கிலோமீற்றர்.

இத்தகைய ஓட்டத்துக்கு ஆறு சிலிண்டர் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. எஞ்சினின் அச்சு இரண்டு முறை சுழல்வதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிபொருளை எரித்து உந்துகிறது. நான்கு சிலிண்டரானால் அவ்விரு சுழற்சிகளில் நான்கு உந்தல்கள்; ஆறானால் ஆறு. ஆகவே ஓர் உந்தல் ஓயுமுன்னரே அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஆறும் ஒரே வரிசையில் நிற்குமாயின், முன் மூன்றின் அசைவும் பின் மூன்றின் அசைவும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. அதனால் நடுக்கம் குறைகிறது. எஞ்சினை விரட்டாமலே பாரத்தை இழுக்கலாம். விரட்டப்படாத எஞ்சின், எண்ணெயும் தண்ணீரும் ஒழுங்காகக் கிடைத்தால், நீண்ட காலம் உழைக்கும்.

அப்படியானால் இவை ஏன் மலிவாகப் போயின? நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் இக்கார்களை ஏராளமாக வாங்கி, சில ஆண்டுகளில் விற்றுவிடும். சந்தையில் அவை குவிந்தன. பெற்றோல் விலை ஏறியது. மக்களின் விருப்பமும் சிறிய கார்கள் பக்கமும் உயரமான வாகனங்கள் பக்கமும் திரும்பியது. 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி மெல்பேர்ணின் புறநகரான புரோட்மெடோசில் கடைசி ஃபால்கன் தயாராகியது. 2017 ஒக்டோபர் 20இல் அடலெயிட் நகருக்கு அண்மையிலுள்ள எலிசபெத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஹோல்டன் கார் உற்பத்தி அத்துடன் முடிந்தது. ஆக, மருமகன் கார் தேடிய காலத்தில் இவை ஊரெங்கும் நின்றன. விரும்பி வாங்குவோர்தான் குறைந்திருந்தனர்.

ஒரு சனிக்கிழமை நாம் இருவரும் ஒரு வீட்டுக்குப் போனோம். எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் கதவைத் திறந்தார். கணவர் இறந்து சில மாதங்கள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கராஜில் 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபால்கன் நின்றது. நான்கு லீற்றர், ஆறு சிலிண்டர். பதினான்கு ஆண்டுகளில் 140,000 கிலோமீற்றர்தான் ஓடியிருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இயங்குகிறதா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது. ஆசனத் துணியில் ஒரு கறையில்லை.

அம்மையார் கேட்ட விலை 2,800 டொலர். அடிபட்டு, ஒயில் வடிந்து, கவனிப்பாரற்றுக் கிடந்த அதே வகைக் கார்களை அதே விலைக்கு நாம் முந்திய வாரம் பார்த்திருந்தோம். இதை மருமகன் அறிவான்; நானும் அறிவேன். இருந்தும் அந்த அம்மையாரின் முன்னிலையில், அவருக்கு விளங்காத நம் மொழியில், "இன்னும் கொஞ்சம் குறைச்சுக் கேள் தம்பி" என்று சொன்னவன் நான்தான். அவன் கேட்டான். அவர் சற்று நேரம் காரைப் பார்த்தபடி நின்றுவிட்டு, 2,400க்குச் சம்மதித்தார். நாம் மகிழ்ச்சியோடு வீடு வந்தோம்.

அன்றிரவு காரின் முன்பெட்டியைத் துப்பரவாக்கியபோது ஒரு கொப்பி அகப்பட்டது. அந்த மனிதர் காரை வாங்கிய நாள் முதல் எழுதி வந்த கணக்கு அது. ஒவ்வொரு 10,000 கிலோமீற்றருக்கும் ஒயில் மாற்றிய திகதி; மாற்றிய ரயர்கள்; பிறேக் கட்டைகள்; ஒரு பல்ப் எரியாமற் போன நாள்கூட. எழுத்து முதலில் உறுதியாக இருந்தது. கடைசிப் பக்கங்களில் நடுங்கியிருந்தது. ஆனால் ஒரு பதிவும் தவறவில்லை.

மருமகன் கொப்பியை மூடிவிட்டு, "நாங்கள் செய்தது சரியோ மாமா?" என்று கேட்டான்.

"சந்தை விலைக்குத்தானே வாங்கினாய்? களவெடுக்கேல்லையே" என்றேன். சொன்னேனே தவிர, அந்த விடை எனக்கே போதவில்லை.

வாசகர்களே, இந்தக் கேள்வி புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ், வாங்குதல் விற்றலில் நேரும் அநீதியைப் பற்றித் தமது பெருநூலில் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். நாம் வழக்கமாக விற்பவனின் மோசடியைப் பற்றியே பேசுகிறோம். அவரோ வாங்குபவனையும் விட்டுவிடவில்லை. பித்தளையென்று நினைத்து ஒருவன் பொன்னை விற்றால், அதைப் பொன்னென்று அறிந்துகொண்டே வாங்குபவன் அநீதி செய்கிறான். மீளக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு என்கிறார். இன்னோர் இடத்தில், வாங்கிய பொருளால் பெரும் பயனடைந்தவன் தானாக மனமுவந்து விற்றவருக்கு மேலும் சிறிது கொடுக்கலாம். அது அவனுடைய நேர்மைக்குரிய செயல் என்கிறார். முன்னையது கடமை. பின்னையது கடமைக்கு அப்பால் உள்ள பெருந்தன்மை.

எங்கள் கதை இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது? அந்த அம்மையாரை நாம் பொய் சொல்லி ஏமாற்றவில்லை. ஆனால் சந்தையில் எது எவ்விலைக்குப் போகிறது என்பதை அவர் அறியார், நாம் அறிவோம். அந்த அறியாமையின் மேல் நின்றுதான் நாம் பேரம் பேசினோம். அறிவுடையவன் அறியாதவரிடம் கேட்கும் கழிவும், வறியவன் கடைக்காரரிடம் கேட்கும் கழிவும் ஒன்றல்ல.

இங்கே இன்னும் ஆழமான ஒரு விடயம் உண்டு. சந்தை எதனை அளக்கிறது? எத்தனை பேருக்கு வேண்டும், எத்தனை கிடைக்கும் என்பதையே பெரும்பாலும் அளக்கிறது. நம் நாட்டையே பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், இங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களின் விலை ஏறிற்று. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஆண்டுகளில் நன்கு பேணப்பட்ட காருக்கும் விலை ஏறியது, பேணப்படாததற்கும் ஏறியது. அவுஸ்திரேலியாவில் இரண்டுக்கும் விலை இறங்கியிருந்தது. இங்கே ஒருவர் செய்த பராமரிப்பும் அங்கே ஒருவர் செய்த பராமரிப்பும் ஒன்றே. விலை மட்டும் வேறு. சந்தையின் தராசில் பராமரிப்புக்குப் பெரிய எடை இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தார்க்கு இது புத்தகப் பாடமன்று. 1990களில் வடக்கே பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ-40களும் மொரிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அவை ஆறு சிலிண்டர் அல்ல. சிறிய நான்கு சிலிண்டர் வண்டிகள். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றன என்றால், பல ஆண்டுகளுக்கு முன்பே யாரோ ஒருவர் அவற்றுக்கு நேரத்துக்கு ஒயில் மாற்றியதும் அதற்கு ஒரு காரணம். தமக்கு முன்பின் தெரியாதவருக்காக அவர் உழைத்திருக்கிறார். அந்த உழைப்புக்கு யாரும் பற்றுச்சீட்டு எழுதவில்லை.

பழைய காரைப் புகழ்வதால் அதன் குறையை மறைக்கவும் கூடாது. அந்த ஃபால்கன் நூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 11 லீற்றர் பெற்றோல் குடிக்கும். சிறிய கார் ஒன்றுக்கு 7 லீற்றர் போதும். ஆண்டுக்கு 10,000 கிலோமீற்றர் ஓடினால் 400 லீற்றர் வேறுபாடு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே ஆண்டுக்கு 900 கிலோவுக்கு மேல் கூடுதலாகக் காற்றிற் கலக்கும். மறுபுறம், புதிய கார் ஒன்றைச் செய்து முடிக்கும்போதே பல தொன் வாயு வெளியாகிவிடுகிறது. குறைந்த தூரம் ஓடும் குடும்பம் உள்ள காரை உழைக்கவிடுவதில் நியாயம் உண்டு. நாள் முழுவதும் ஓடுபவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. மிகப் பழைய கார்களில் விபத்தில் உயிர்காக்கும் காற்றுப்பையும் இல்லை. சிக்கனத்தின் பேரால் பிள்ளைகளின் உயிரோடு விளையாடலாகாது. ஐந்து பேருக்குத் தேவையான பெரிய காரை, ஒருவர் பெருமைக்காக முற்றத்தில் நிறுத்தி வைப்பதும் சிக்கனமாகாது.

மருமகன் இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் 400 டொலரை ஓர் உறையில் இட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனான். நானும் உடன் போனேன். போகாமல் இருக்க என் மனம் இடந்தரவில்லை. நீங்கள் முதலில் கேட்ட விலையே சரியான விலை என்று அவன் சொன்னான். அம்மையார் மறுக்கவில்லை, கண் கலங்கவுமில்லை. உறையைத் திறந்து எண்ணிப் பார்த்தார். பின்னர், மழை பெய்தால் இடப்பக்கத்துப் பின் கதவால் தண்ணீர் கசியும், அதன் இறப்பரை மாற்றவேண்டுமென்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார், அதை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். நாம் ஒளித்ததை வெளியே வைத்ததும், அவரும் தாம் சொல்லாமல் விட்டதைச் சொன்னார். அந்தப் பேரம் அப்போதுதான் நியாயமாக முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் 400 டொலரோடு கடன் தீர்ந்துவிட்டதா? அம்மையாருக்குரிய கடன் தீர்ந்திருக்கலாம். கொப்பி எழுதிய மனிதருக்குரிய கடன் தீரவில்லை. அவர் இறந்துவிட்டார், அவருக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பெற்றோர் வளர்த்த வளர்ப்புக்கு நாம் பெற்றோருக்கே திருப்பிச் செலுத்துவது சிறிதளவுதான். பெரும் பகுதியை நம் பிள்ளைகளுக்குத்தான் செலுத்துகிறோம். அதுபோலவே பேணப்பட்ட பொருளைப் பெற்றவன், அதைப் பேணி அடுத்தவர் கையில் ஒப்படைப்பதன் மூலமே அந்தக் கடனை அடைக்கமுடியும்.

நம் வீடுகளிலும் இத்தகைய பொருள்கள் இருக்கின்றன. பாட்டியின் தையல் இயந்திரம், தகப்பனாரின் றலி சைக்கிள், அவர் வெட்டிய கிணறு. இவற்றை விற்கும் நாள் வரலாம். பிறரிடம் வாங்கும் நாளும் வரலாம். விற்கும்போது குறையைச் சொல்லுவோம். வாங்கும்போது, எதிரே நிற்பவரின் அறியாமையைப் பேரமாக்காதிருப்போம்.

மருமகன் அன்று மாலையே கதவின் இறப்பரை மாற்றினான். கொப்பியை எடுத்து, கடைசிப் பதிவின் கீழே ஒரு வரி இடைவெளி விட்டு, திகதியையும் செய்த வேலையையும் தன் கையெழுத்தில் எழுதினான்.