நகம் வரை வரைந்து முடி!

பெரிதாகக் கனவு காண் என்று உனக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அதோடு விடமாட்டேன். உன் கனவுக்குக் கால் எங்கே, வால் எங்கே, அது எப்படி மூச்சு விடும், எதைத் தின்று வாழும் என்றும் கேட்பேன். பதில் உன் கையில் இருந்தால் உன்னை அசைக்க ஒருவனாலும் முடியாது. பதில் இல்லையா? இன்றே உட்கார், வரையத் தொடங்கு!

இந்தப் பாடத்தை ஜப்பானின் ராட்சத மிருகப் படங்களை உருவாக்கியவர்களிடம் படித்தேன். அவர்கள் 'கைஜு' என்று அழைக்கும் அந்த மிருகங்களில் சில உலகப் புகழ் பெற்றன. சில திரையையே காணவில்லை. இரண்டுக்கும் உழைப்பு ஒன்றுதான்.

கைநழுவிய படம், எழுந்து நின்ற மிருகம்

1954. டோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் டொமோயுகி டனாகா இந்தோனேசியாவோடு சேர்ந்து ஒரு பெரிய படம் எடுக்க எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். அந்த நாட்டு அரசு படக்குழுவுக்கு விசா தர மறுத்தது. படம் நின்றது. ஜகார்த்தாவிலிருந்து திரும்பும் விமானத்தில் அவருக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்வி: அந்த இடத்தில் வேறு எதைக் கொடுப்பது?

அந்த மார்ச் 1ஆம் தேதிதான் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது கொட்டியிருந்தது. நாடே கொதித்துக்கொண்டிருந்தது. குண்டால் எழுப்பப்பட்ட ஒரு கடல் மிருகம் டோக்கியோவுக்குள் நடந்து வந்தால்? அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி காட்ஸில்லா திரைக்கு வந்துவிட்டது!

விமானத்தில் தோன்றிய எண்ணம் மட்டும் போதுமா? போதாது தோழா, ஒருநாளும் போதாது. தலையைக் குண்டுவெடிப்பின் காளான் மேகம் போல அமைக்கலாம் என்று ஒரு வரைவு வந்தது. அதை ஒதுக்கினார்கள். டெய்சோ டொஷிமிட்சு களிமண்ணில் உருவங்களைப் பிசைந்தார். செதில் வைத்துப் பார்த்தார்கள், மரு மருவாக வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் முதலையின் முதுகு போன்ற கரடுமுரடான தோலைத் தேர்ந்தார்கள். அணுகுண்டில் வெந்தவர்களின் உடல் தழும்புகளை அந்தத் தோல் நினைவூட்டியது. ஒரு தேசத்தின் காயத்தையே மிருகத்தின் மேனியாக்கினார்கள்!

பிறகு உடை. மூங்கிலும் கம்பியும் துணியும் ரப்பரும் கொண்டு செய்த முதல் உடை 100 கிலோவைத் தாண்டியது. அதற்குள் புகுந்த நடிகர் ஹருவோ நகாஜிமாவால் சில அடிகூட ஒழுங்காக நடக்க முடியவில்லை. தூக்கி எறிந்தார்களா? இல்லை. அதை இரண்டாக வெட்டினார்கள். இடுப்புக்குக் கீழே உள்ள பகுதியை, கால்கள் மட்டும் தெரியும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். நடமாடத் தோதாக இன்னொரு உடை தைத்தார்கள். மிருகத்தின் உயரம் 50 மீட்டர். உடை 2 மீட்டர். ஆகவே நகரத்தை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சிறுத்துக் கட்டினார்கள். மிகப் பெரிய கற்பனைக்கு அடியில் எவ்வளவு கறாரான கணக்கு இருக்கிறது பார்!

எலிகள் தோற்றன, ஆமை பறந்தது

டோஹோ ஜெயித்ததைப் பார்த்து டய்யே நிறுவனமும் களத்தில் குதித்தது. 'நெசூரா' என்பது படத்தின் பெயர். பூதாகாரமாக வளர்ந்த எலிக் கூட்டம் நகரத்தைத் தாக்கும் கதை. 1964 புத்தாண்டுக்கு வெளியிடத் திட்டம். சிறிய நகரம் ஒன்றைக் கட்டி, அதற்குள் உயிருள்ள எலிகளையே அவிழ்த்துவிட்டுப் படம் பிடித்தார்கள். எலிகளோடு உண்ணிகளும் தெள்ளுப்பூச்சிகளும் வந்து சேர்ந்தன. தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். படப்பிடிப்பு இழுத்து மூடப்பட்டது.

அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கலாம். அவர்கள் அழவில்லை. எங்கே தவறியது என்று பார்த்தார்கள். மிருகம் எடுக்கும் ஆசையில் கோளாறு இல்லை, எலியை நம்பிய வழியில்தான் கோளாறு. வழியை மாற்றினார்கள், ஆசையை விடவில்லை! 1965 நவம்பரில் 'கமேரா' வந்தது. பறக்கும் ராட்சத ஆமை!

ஆமை பறக்குமா என்று சிரிக்கத்தானே தோன்றும்? வடிவமைத்தவர்கள் சிரிப்புக்கு இடமே வைக்கவில்லை. கால்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தத் துளைகளிலிருந்து நெருப்பு பீறிடும். உடல் சக்கரமாகச் சுழன்று எழும்பும். எப்படிப் பறக்கும் என்ற கேள்விக்குப் பதிலைத் திரையிலேயே காட்டிவிட்டார்கள். அதற்கு முன் ஒரே ஒரு படம் இயக்கியிருந்த நொரியாகி யுவாசாதான் இயக்குநர். 1971 வரை ஆண்டுக்கு ஒரு கமேரா படம் வந்தது. 1995இல் ஷுசுகே கனேகோ அந்த ஆமையை மறுபடியும் வானத்தில் ஏற்றினார்.

திரை காணாத பாகான்

இன்னொரு மிருகத்தைச் சொல்கிறேன். அதன் பெயர் பாகான். 1980இல் எழுதிய ஒரு காட்ஸில்லா கதையில் பிறந்தது. மூன்று வடிவங்கள் எடுக்கும் பயங்கர எதிரி. 1984இல் காட்ஸில்லா படம் வந்தபோது பாகான் அதில் இல்லை. 1990இல், இன்னொரு கைஜுவான மோத்ராவோடு அது மோதும் 'மோத்ரா எதிர் பாகான்' என்று தனிப்படமாகவே திட்டம் எழுந்தது. கசுகி ஓமோரி திரைக்கதை எழுதினார். அதுவும் கைவிடப்பட்டது. இருமுறை கதவு அடைபட்டது! ஆனாலும் 1993இல் ஒரு காட்ஸில்லா வீடியோ விளையாட்டில், எல்லாரையும் வென்ற பின் கடைசியாக எதிர்ப்படும் எதிரியாகப் பாகான் எழுந்து நின்றது. ரசிகர்கள் இன்றும் அதை வரைகிறார்கள்.

ஏன் சாகவில்லை? யாரோ ஒருவர் அதற்குக் கொம்பும் வாலும் வடிவமும் முழுதாகக் கொடுத்துவைத்திருந்தார். அரைகுறையாக விட்ட எண்ணத்தை உலகம் மறந்துவிடும். முழுமையாக வரைந்ததை வேண்டாம் என்று சொன்னவர்களும் ஒருநாள் தேடி எடுப்பார்கள்.

'எனக்கு அந்தத் துறையில் ஆளே இல்லையே' என்கிறாயா? 1980களில் டோஹோ அடுத்த காட்ஸில்லா கதைக்குப் பொதுமக்களிடையே போட்டி வைத்தது. வென்ற ஷினிச்சிரோ கோபயாஷி ஒரு பல் மருத்துவர்! ரோஜாவும் காட்ஸில்லாவின் உயிரணுவும் கலந்த பயோலாண்டே என்னும் மிருகம் அந்தக் கதையிலிருந்துதான் முளைத்தது. உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து மாற்றி, 1989இல் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி உன் முறை

உன்னிடமும் ஒரு மிருகம் இருக்கிறது. சொல்லவே கூச்சப்படும் அளவுக்குப் பெரிய ஆசை. அதைச் சொல்லாதே, வரை! சமையல் கான்ட்ராக்ட் எடுத்து நடத்த வேண்டுமா? முதல் பந்தியில் எத்தனை இலை? அதற்கு எத்தனை அடுப்பு? எந்த மண்டியில் அரிசி? முன்பணம் வராவிட்டால் சரக்குக்கு யார் கடன் கொடுப்பார்? மாஸ்டர் வராத நாளில் கரண்டி பிடிப்பது யார்? எழுது. பதில் தெரியாத கேள்விதான் உன் அடுத்த வேலை. ஒவ்வொரு பதில் எழுதும்போதும் பயம் ஒரு படி இறங்குவதை நீயே பார்ப்பாய். தன்னம்பிக்கை கண்ணாடி முன் நின்று கத்தினால் வராது. எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் உண்டு என்ற நிலையில் தானாக வந்து உட்காரும்.

அனுமதி வரட்டும், பணம் வரட்டும், நல்ல நேரம் வரட்டும் என்று காத்திராதே. ஒரு விசா மறுக்கப்பட்டதால் காட்ஸில்லா வந்தது. ஒரு படப்பிடிப்பு மூடப்பட்டதால் கமேரா வந்தது. உன் முதல் திட்டம் நூறு கிலோ உடையாகக் கனக்கிறதா? வெட்டு! உதவும் பாதியை வைத்துக்கொள், மீதியைப் புதிதாகத் தை. வழி தப்பா? மாற்று! உலகம் வேண்டாம் என்கிறதா? சொல்லிவிட்டுப் போகட்டும், நீ வரைந்து முடி! நகம் வரை, பல் வரை, வாலின் நுனி வரை வரைந்து முடி! பெரிதாக நினைக்க உனக்கு யார் உரிமை தந்தது என்று எவராவது கேட்டால், அந்தத் தாள்களை எடுத்து அவர் முன்னால் விரித்துப் போடு!