நடு நாற்காலியும் நடுவுநிலையும்

மனிதரைத் தீர்ப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். பொருளை மதிப்பிடுவதிலும் அத்தகைய எச்சரிக்கை தேவையோ என்று கேட்டால் பலர் நகைப்பர். மரப்பலகையும் காந்தமும் காகிதக் கூம்பும் சேர்ந்த ஓர் ஒலிபெருக்கியைப் பற்றி நாம் தவறாகத் தீர்ப்புச் சொன்னால் அதன் மனம் நோகப்போவதில்லைதான். எனினும், ஒரு பொருளை ‘நல்லது’ என்று சொல்லும்போது யாருக்கு நல்லது, எவ்விடத்திலிருந்து பார்க்கையில் நல்லது என்னும் வினாக்கள் கூடவே எழுகின்றன. இவை அறநெறி சார்ந்த வினாக்களே. இவற்றை நமக்கு உணர்த்திய சிறு நிகழ்ச்சி ஒன்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர், தம் வீட்டுக் கணிப்பொறியோடு இணைப்பதற்கென ‘சரவுண்டு’ ஒலிபெருக்கித் தொகுதி ஒன்றை வாங்கியிருந்தார். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தந்தால் ஏற்றுக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அவருடைய நண்பர் ஒருவரும், இவர் நல்லதென்று சொன்னால் தாமும் அதையே வாங்குவதாக இருந்தார். ஆகவே, “நீங்களும் ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள்” என்று நம்மை அழைத்தார்.

‘ஐந்து புள்ளி ஒன்று’ என்பது அத்தொகுதியின் வகைப் பெயர். ஐந்து சிறு பெட்டிகள். அவற்றோடு, தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் சப்-ஊஃபர் என்னும் பெரிய பெட்டி ஒன்று. இவற்றை வைப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கேட்பவருக்கு நேர் முன்னே ஒன்று. அதற்கு இடப்புறமும் வலப்புறமும் 30 பாகைக் கோணத்தில் இரண்டு. தோளுக்குச் சற்றுப் பின்னே 100 முதல் 120 பாகைக்குள் இரண்டு. ஐந்தும் கேட்பவரிடமிருந்து ஒரே தொலைவில் இருத்தல் நலம். இவ்வொழுங்கு ஒரேயொரு நாற்காலியை மையமாகக் கொண்டது. இளைஞர் அந்த நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டிருந்தார். நம்மை அதில் அமர்த்திவிட்டு, அவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அங்கு நிற்பவருக்கு அருகிலுள்ள பெட்டியின் ஒலியே மேலோங்கிக் கேட்கும்.

முதலில் நாம் கண்டது அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த எண்: 3000 வாட், பி.எம்.பி.ஓ. சப்-ஊஃபரைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறத் தகட்டில், அது உட்கொள்ளும் மின்சாரம் 60 வாட் என்று சிற்றெழுத்தில் இருந்தது. மணிக்கு அறுபது குடம் நீர் வந்து சேரும் தொட்டியிலிருந்து மணிக்கு மூவாயிரம் குடம் எவ்வாறு இறைக்க இயலும்? தேங்கிய நீரை ஒரு நொடியில் கவிழ்த்து, அந்த வேகத்தை மணிக்கணக்கில் பெருக்கிக் காட்டினால் இயலும்! பி.எம்.பி.ஓ. என்னும் அளவு ஏறத்தாழ அத்தகையதே. அதற்கென்று எல்லாரும் ஏற்ற வரையறை கிடையாது. நீடித்து வழங்கும் திறனைச் சொல்ல ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறிக்கும் அளவு இருக்கிறது. வீட்டு ஆம்ப்ளிஃபையர்களின் வாட் அளவை இன்ன முறையில் அளந்தே விளம்பரப்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தது. முழுப் பொய் என்று நிறுவ இயலாத வகையில், ஆனால் உண்மை என்று நம்பி ஏமாறும் வகையில் ஓர் எண்ணைச் சொல்வது பொய்யா, அன்றா? சொல்பவரின் நோக்கம் கேட்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்வதாயின், அது பொய்யின் இனத்தைச் சேர்ந்ததே என்போம்.

எண்ணை ஒதுக்கிவிட்டுச் செவியை நம்பலாம் என்று எண்ணினோம். இளைஞர் தம் பழைய சிறு ஒலிபெருக்கிகள் இரண்டில் ஒரு பாடலை ஒலிக்கச் செய்தார். பின்பு அதே பாடலைப் புதியதில் ஒலிக்கச் செய்தார். புதியதே சிறந்தது என்பதில் நமக்கு ஐயமே எழவில்லை. ஆனால் புதியது உரக்கவும் ஒலித்தது. தாழ்ந்த அளவில் ஒலிக்கும்போது மனிதச் செவி ஆழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே உணர்கிறது என்பதை 1933-இல் ஃபிளெச்சர், மன்சன் என்னும் இரு அறிஞர்கள் அளந்து காட்டினர். ஆகவே, ஒரே பெட்டியாயினும் உரக்க ஒலித்தால் நிறைவாகத் தோன்றும். உரக்கப் பேசுபவரே சரியாகப் பேசுகிறார் என்று மன்றங்களில் நாம் மயங்குவதும் இத்தகையதன்றோ!

கண்ணும் செவியை ஏமாற்றும். ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவுபடுத்திற்று. எந்த ஒலிபெருக்கி ஒலிக்கிறது என்பதைக் கண்ணால் கண்டு கேட்டவர்கள் தந்த மதிப்பெண்களும், திரைக்குப் பின்னிருந்து ஒலித்ததைக் கேட்டுத் தந்த மதிப்பெண்களும் வேறுபட்டன. கேட்டுப் பழகிய வல்லுநரும் இம்மயக்கத்துக்கு விலக்கல்லர்.

எனவே நாம் கண்களை மூடிக்கொண்டோம். இளைஞர் இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து, எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். பழைய பாடல் ஒன்றை மூன்று முறை கேட்டதில், இரண்டு முறை பழைய சிறு ஒலிபெருக்கிகளையே நல்லதென்று சொன்னோம்! காரணம் எளிது. இரண்டே தடங்களில் பதிந்த பாடலைப் புதிய தொகுதி ஐந்து பெட்டிகளுக்கும் பகிர்ந்து கொடுத்தது. பாடுபவர் எங்கிருந்து பாடுகிறார் என்பதே தெரியாமல் போயிற்று. ஆனால் ஐந்து புள்ளி ஒன்றுக்கென்றே அமைத்த திரைப்படக் காட்சி ஒன்றில் மழை நம் பின்னே பெய்தது. நாம் திரும்பியே பார்த்துவிட்டோம். அக்காட்சியில் இடி முழங்கும் இடம் வந்தபோது, “இன்னும் சற்றுக் கூட்டுங்கள்” என்று சொன்னவர் நாமே.

படத்துக்கு நல்லது, பாட்டுக்கு முன்னிரண்டு பெட்டிகளே போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நடுவுநிலையோடு ஆராய்ந்தோம் என்ற மனநிறைவோடு வெளியே வந்தோம். ஒட்டு வீட்டின் திண்ணையில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். சப்-ஊஃபர் இருந்த மூலை, அவ்வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரின் மூலை. அவர் குறைகூறவில்லை, நாம் நலம் விசாரித்ததற்கு மறுமொழியாகவே சொன்னார்: “பாட்டு ஒண்ணும் காதுல விழலைங்க. பாத்திரந்தான் அதிருது. அவருக்குத்தான் தூக்கம் பிடிக்கல.” அவர் கணவர் உள்ளே நோயுற்றுப் படுத்திருந்தார்.

அந்த நாற்காலியில் அமர்ந்து எவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தாலும் இச்செய்தி நமக்குக் கிட்டியிராது. விரைந்து அதிரும் உயர்ந்த ஒலியைச் சுவரின் எடை தடுத்துவிடுகிறது. மெல்ல அதிரும் தாழ்ந்த ஒலியோ சுவரைக் கடந்துவிடுகிறது. அதனால்தான் இசை இப்புறம் நிற்க, இடிப்பு மட்டும் அப்புறம் சென்றது. நமக்கு இன்பமானது முழுவதும் நம்மோடு தங்கி, பிறருக்குத் துன்பமானது மட்டும் சுவரைக் கடந்தது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தம் வீட்டில் தம் பொருளை, சட்டம் ஒப்பும் அளவில் ஒருவர் நுகர்வதில் தவறென்ன? நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. வரம்பு நல்லதே. ஆனால் அவ்வளவீடு, மனிதச் செவியைப் பின்பற்றித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியாயின் ஏறத்தாழ 30 டெசிபல் குறைத்துக் காட்டும். கருவி ஒன்றுமில்லை என்று சொல்லும்போதும் நோயாளியின் கட்டில் அதிரக்கூடும். சட்டம் அளக்கக்கூடியதையே அளக்கிறது. அளவுக்கு அகப்படாத எஞ்சியதைக் கவனிக்கவே மனச்சான்று இருக்கிறது.

அயலாருக்குச் சிறிதும் கேட்காதபடியே வாழ வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. குழந்தை அழும், உரல் இடிக்கும், திருமண வீட்டில் மேளம் முழங்கும். ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வதே கூடிவாழ்தல். பொறுத்துக்கொள்ளச் சொல்லும் உரிமை எப்போது வருகிறது என்பதே வினா. நம்மால் யாருக்கு என்ன நேர்கிறது என்று கேட்டறிந்த பின்பே அது வருகிறது. அதற்கு முன்னர்ப் பெறும் பொறுமை, கேளாமல் எடுத்துக்கொண்ட கடன்.

நாம் திரும்பி உள்ளே சென்று, நம் தீர்ப்பு முடியவில்லை என்று இளைஞரிடம் கூறினோம். அவரை ஒட்டு வீட்டுக்கு அழைத்துச் சென்று, இடிமுழக்கக் காட்சியைத் தம்பியைக் கொண்டு ஒலிக்கச் செய்து, சுவரில் கைவைத்துப் பார்க்கச் சொன்னோம். அவர் கையை உடனே எடுத்துவிட்டார். அன்றே சப்-ஊஃபர் பொதுச்சுவர் மூலையை விட்டு நகர்ந்தது. அடியில் தடித்த ரப்பர் வந்தது. அதன் திருகு பாதிக்கும் கீழே இறங்கியது. நாற்காலியில் அமர்ந்து கேட்டபோது இடி முன்போல முழங்கவில்லை. இளைஞருக்குச் சிறிது வருத்தமே. ஆயினும் தொகுதியைத் திருப்பித் தரவில்லை. நண்பரிடம் என்ன சொல்வது என்று கேட்டார். கேட்டதையெல்லாம் சொல்லுங்கள், சுவருக்கு அப்புறம் கேட்டதையும் சேர்த்து என்றோம்.

நடுவில் அமர்வதாலேயே நடுவுநிலை வந்துவிடும் என்று எண்ணியிருந்தோம். எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்வந்த பின்பே அது வரத் தொடங்குகிறது என்பதை ஓர் ஒலிபெருக்கி நமக்குக் கற்பித்தது.