வரிசையும் நீதியும்

அமெரிக்க விமான நிறுவனங்கள் பலவற்றில் புதிதாகச் சேரும் விமானிகள், எவ்வகை விமானத்தைச் செலுத்துவது, எந்நகரைத் தளமாகக் கொள்வது என்பவற்றை மூப்பு வரிசைப்படியே தெரிவு செய்வர். ஒரே நாளிற் சேர்ந்தோருள் மூத்தவர் யாரென்பதைச் சில நிறுவனங்கள் வயதைக்கொண்டு தீர்மானிக்கும். கடைசியில் நிற்பவருக்கு எஞ்சியதே கிட்டும். இது நீதியாகுமா? பிறந்த திகதி ஒருவரது தகுதியன்று. ஆயினும் முகம் பார்த்து வழங்குவதிலும் வரிசை மேலானதே. விரும்பாத தளத்துக்குச் செல்பவரும் உரிய பயிற்சி முடித்தவராதலின் பயணிக்குக் குறையொன்றுமில்லை. மூப்பு ஏறும்போது அவரும் வேறு தளம் கேட்கலாம்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் நோக்குமிடத்து இந்நியாயம் தளர்கின்றது. புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் எழுவான்கரைப் பாடசாலைகளையே நாடுவர்; படுவான்கரை எஞ்சியோர்க்குரியதாகின்றது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு அங்கு படகுப்பாதைக்குக் காத்திருக்கும் சிரமம் நீங்கியது. விருப்பமோ கரை மாறவில்லை. ஆசிரியர்களுக்கிடையே வரிசை நேர்மையாகவே இருக்கலாம். கடைசியில் நின்றவரும் ஒருநாள் இடமாற்றம் பெற்று வாவியைக் கடந்துவிடுவார். கணித ஆசிரியரின்றி எஞ்சும் மாணவனுக்கோ எவ்வரிசையிலும் இடமில்லை. அவனது சாதாரண தரப் பரீட்சை அடுத்த நியமனத்துக்காகக் காத்திராது.