சும்மாடு யாருக்கு?

லேப்டாப் கீழே விழுந்துதான் உடையும் என்று நினைக்கிறோம். கடைக்காரரும் பையின் அடியைத் தட்டிக் காட்டி, "நல்ல ஸ்பாஞ்ச் சார், கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்கிறார். விழுந்து உடைவது உண்டுதான். ஆனால் காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறியவர்களுக்கு இன்னொரு ஆபத்து தெரிந்திருக்கும். அந்தப் பெட்டியில் எதுவும் கீழே விழ இடமே இல்லை. முன்னும் பின்னும் ஆட்கள் நெருக்க, பைக்குள் கிடக்கும் சார்ஜரின் முனை லேப்டாப் மூடியைக் குத்திக்கொண்டே வருகிறது. மூடிக்குப் பின்னால் இருப்பவை ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத கண்ணாடித் தகடுகள். பரவலாக அழுத்தினால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஒரே புள்ளியில் அழுத்தினால் பொறுக்காது. அலுவலகம் போய்த் திறக்கும்போது திரையின் ஒரு மூலையில் கறுப்புத் திட்டும் அதிலிருந்து கிளம்பும் கோடுகளும் தெரியும். எங்கும் விழவில்லையே, எப்படி உடைந்தது என்று யாருக்கும் புரியாது.

அதனால் ஸ்பாஞ்சின் தடிமனைப் பார்ப்பதற்கு முன்னால் அறைகளின் பிரிவைப் பார்க்க வேண்டும். லேப்டாப்புக்கு முதுகை ஒட்டிய அறை, சார்ஜருக்கு அதிலிருந்து விலகிய வேறோர் அறை, தண்ணீர் பாட்டிலுக்கு வெளிப்பக்கம். லேப்டாப் அறையின் அடி, பையின் அடியைத் தொடாமல் இரண்டு விரல் உயரத்தில் தொங்க வேண்டும். பையைத் தரையில் தொப்பென்று வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த இரண்டு விரல் இடைவெளிதான் அப்போது காப்பாற்றும். கடையிலேயே கையை உள்ளே விட்டுப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 15.6 அங்குலம் என்று சொல்வது திரையின் மூலைவிட்டத்தை மட்டுமே. அதே 15.6 அங்குலத்தில் பழைய கணினி தடித்து அகன்றிருக்கும், புதியது ஒடுங்கியிருக்கும். பொருந்தாத அறையில் கணினி ஆடும். ஆடும் பொருள் நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் மோதிக்கொண்டிருக்கும்.

ஸ்பாஞ்ச் வேலை செய்யும் விதம் யோசிக்கத் தக்கது. விழும் பொருள் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது நீட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கல் தரையில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் மோதல், நுரையில் சற்று நீண்டு நடக்கிறது. நேரம் நீளும் அளவுக்கு விசை குறைகிறது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் மறுபக்கத் துணியைத் தொட்டுவிட்டால் அது மிக மென்மை. விழும்போது முழுதும் அமுங்கி அடியை உள்ளே அனுப்பிவிடும். விரல் இறங்கவே இல்லையென்றால் மிகக் கடினம். அதுவும் அப்படியே அனுப்பிவிடும். கொஞ்சம் எதிர்த்து, பிறகு இறங்கி, விரலை எடுத்ததும் மெல்ல எழுந்து வருவதே சரியான பதம். ஆண்டுக்கணக்கில் அமுங்கிய நுரை எழுவதை நிறுத்திவிடும். பை பார்க்கப் புதிதாக இருந்தாலும் அதன் காவல் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

இந்தக் காவல் வேலை ஆரம்பத்திலிருந்தே பையிடம் இருந்ததில்லை. 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற தூக்கிச் செல்லும் கணினி சுமார் 11 கிலோ எடை. தையல் மெஷின் அளவுப் பெட்டி, அதற்கொரு கைப்பிடி, விசைப்பலகையே மூடி. தன் பெட்டியைத் தானே உடுத்திக்கொண்டு வந்த கணினி அது. அடுத்த ஆண்டு வந்த கிரிட் காம்பஸுக்கு மக்னீசியக் கலவையில் உடல். விண்வெளி ஓடத்தில்கூடப் பறந்தது. பிறகு எந்திரங்கள் மெலியத் தொடங்கின. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் அலுவலகக் காகித உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டிய பிறகு, மெலிவே அழகு என்றாயிற்று. எந்திரம் கழற்றிப் போட்ட கவசத்தைப் பை வாங்கிக்கொண்டது. அந்தப் பை ஏறி உட்கார்ந்திருப்பது நம் தோளில்.

பாதுகாப்புக்கு எடை உண்டு. நல்ல மெத்தையும் தடித்த நைலானும் உள்ள முதுகுப்பை காலியாகவே ஒரு கிலோவை நெருங்கும். லேப்டாப் இரண்டு கிலோ, சார்ஜர் அரை, ஒரு லிட்டர் தண்ணீர் ஒன்று, சாப்பாட்டு டப்பா முக்கால். குடையும் சேர்ந்தால் ஐந்தரை கிலோ. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடல் எடையில் இது பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமைக்கு அந்தப் பத்து சதவீதத்தைத்தான் ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை வரம்பாகச் சொல்கிறது. அதே பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போனதும் அந்தக் கணக்கு காணாமல் போகிறது. வளர்ந்தவர் உடம்பு கூடுதலாகத் தாங்கும், சரி. தினமும், வருடக்கணக்கில், ரயில் நிலையப் படியேறி, பேருந்தில் நின்றபடி தாங்க வேண்டியிருக்கிறதே, அதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? ஒற்றை வார்ப் பையைத் தோளில் மாட்டிச் செல்பவரைப் பின்னாலிருந்து பாருங்கள். வார் நழுவாமலிருக்க அந்தத் தோள் தானாக உயர்ந்திருக்கும். கழுத்து மறுபக்கம் சாய்ந்திருக்கும். அவருக்கே அது தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து பையை இறக்கி வைத்த பிறகும் சிறிது நேரம் அந்தத் தோள் இறங்குவதில்லை.

சுமை தூக்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. தலையில் குடம் வைக்கும் பெண் முதலில் செய்வது, பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டுவது. குடமும் அதனால் நிலையாக நிற்கும். ஆனாலும் அது தலைக்காகக் கட்டுவது. அவரவர் தலைக்கு அவரவர் சுருட்டிக்கொள்வது. பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நிற்கும். இரண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒன்று. வேறொருவர் கை கொடுக்காமலே தலைச்சுமையை இறக்கவும் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கம் இருந்தது. சுமையோடு போய்ச் சேர்ந்தவளின் பெயரால், சுமையோடு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் இளைப்பாறல். நட்டவர்கள் மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று யோசித்திருக்க மாட்டார்கள். நெல்லோ விறகோ உப்போ, கல்லுக்கு எல்லாம் ஒன்றுதான். அவர்கள் நினைத்தது மூட்டைக்கு அடியில் இருக்கும் கழுத்தை.

இன்று மெத்தையெல்லாம் பொருளுக்கே போகிறது. லேப்டாப் அறையில் தடித்த நுரையும் தோள்வாரில் பேருக்கு ஒரு பட்டையுமாகத் தைத்த பைகளே கடைகளில் நிறையத் தொங்குகின்றன. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளின் முதுகுப் பெட்டியைக் கவனியுங்கள். உணவின் சூடு ஆறாமலிருக்க ஏற்பாடு இருக்கிறது. சுமப்பவரின் முதுகில் காற்றுப்பட வழியில்லை. பல நிறுவனங்கள் வேலையில் சேரும் நாளில் கணினியோடு பையும் கொடுக்கின்றன. ஆறடி ஆளுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் ஒரே அளவு. கணினிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று கையெழுத்து வாங்குவார்கள். தோளைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இருக்காது.

கணினி உடைந்தால் இன்னொன்று வாங்கிவிடலாம். அதற்குள் இருக்கும் வேலையை எந்தப் பையாலும் காப்பாற்ற முடியாது. நகல் எடுத்து வைத்தால்தான் மிஞ்சும். கழுத்துக்கு நகல் இல்லை. பாதுகாப்பு என்று எதைச் செய்தாலும் சுமப்பவரிடமிருந்தே அது தொடங்க வேண்டும் என்று இந்தப் பைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுதியாகிக்கொண்டே வருகிறது. இதில் பொருளுக்கு ஒரு நட்டமும் கிடையாது. இரண்டு தோளிலும் சமமாக அமர்ந்து, முதுகோடு ஒட்டி, ஆடாமல் வரும் பைக்குள் கணினியும் அதிர்வில்லாமல் வருகிறது. உடம்புக்கு இதமான பைதான் பொருளுக்கும் பத்திரமானது.

ஆகவே பை வாங்கப் போகும்போது லேப்டாப்பை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சார்ஜர், நிறைத்த தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் கொண்டுபோய் உள்ளே வையுங்கள். இரண்டு வாரையும் மாட்டிக்கொண்டு கடையிலேயே பத்து நிமிடம் நில்லுங்கள். வார் மூன்று விரல் அகலமாவது இருக்கிறதா, தோளில் வெட்டுகிறதா, பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நில்லுங்கள். அலுவலகத்துக்குப் பை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இரண்டு மூன்று அளவுகளில் வாங்கி வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவரிடம் கையெழுத்து வாங்கும் முன் ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.